மடியா, கார் சீட்டா?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி ஜனவரியில் நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ஹெல்மெட், வேகம், செல்போன்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். அதைப் பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியாததாக என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் அவர் அனுமதியோடு வேறு விஷயம் எடுத்துக்கொண்டேன். காரில் போகும்போது ஒரு வயது, ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தை எங்கே உட்கார வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதுதான் அது. பேங்க் கவுண்ட்டரில் காலத்தை ஓட்டிய ஒரு கிளார்க்குக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். அப்படித் தெரியாமல் இருந்ததில் ஒரு தப்பு செய்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன ஆவணிக்கு முந்தின ஆவணியில் விழுப்புரம் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். பேத்திக்கு அப்போது 14 மாதம். மருமகள் குழந்தை பிறக்கும் முன்பே ஒரு கார் சீட் வாங்கி வைத்திருந்தாள். அது பின் சீட்டில் ஒரு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. குழந்தை அதில் காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்காரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். குழந்தைக்கு ரோடும் தெரியாது, நம் முகமும் தெரியாது, இது என்ன தண்டனை என்று நினைப்பேன். அன்றைக்கு என் அக்காவும் வருகிறேன் என்றதும் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "அந்த சீட்டைக் கழட்டி டிக்கியில போடு. பாட்டி மடி இருக்கும்போது குழந்தைக்கு என்ன குறை?" என்று மகனிடம் சொன்னேன். மருமகள், "வேண்டாம் மாமா" என்று ஒருமுறை சொன்னாள். நான் கேட்கவில்லை. பெரியவர் சொல்லிவிட்டாரே என்று அவளும் விட்டுவிட்டாள்.

மதுராந்தகம் தாண்டி ஒரு இடத்தில் மீடியனில் இருந்த இடைவெளி வழியாக ஒரு டூவீலர் திடீரென்று குறுக்கே வந்தது. மகன் பிரேக் அடித்தான். மோதவில்லை. டூவீலர்காரர் போயே போய்விட்டார். காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் குழந்தை என் மனைவியின் மடியிலிருந்து நழுவி முன் சீட்டின் முதுகில் முகம் இடித்து, கீழே கால் வைக்கும் இடத்தில் விழுந்துவிட்டாள். மேல் உதடு கிழிந்தது. முளைத்துக் கொஞ்ச நாளே ஆன முன் பல் ஆடிப்போனது. துண்டெல்லாம் ரத்தம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு தையல் போட்டார்கள். தலையில் அடி இல்லை, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள்.

என் மனைவி அன்றைக்கு முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்." இன்றைக்கும் காரில் குழந்தை பக்கத்தில் உட்காரத் தயங்குகிறாள். தப்பு செய்தது நான், அதைச் சுமப்பது அவள். மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கணக்கும் போட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

என் மனைவி கெட்டியாகப் பிடித்திருந்தது உண்மை. அப்படியும் ஏன் நழுவியது? வெறும் பிரேக்தான் அது. எவ்வளவு அழுத்தி பிரேக் பிடித்தாலும் குழந்தையை முன்னால் இழுக்கிற விசை அதன் எடையைத் தாண்டாது. 9 கிலோ குழந்தை என்றால் ஏழெட்டுக் கிலோ இழுப்பு. அது எதிர்பாராத நேரத்தில் வந்தது, அவ்வளவுதான். அதையே கையால் தாங்க முடியவில்லை. இப்போது மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பக்கம் நசுங்கி, அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் குழந்தையின் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை வேண்டும், அதைப் பிடித்து நிறுத்த. 10 கிலோ குழந்தைக்கு 200 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை எட்டு. எட்டு மூட்டையை இரண்டு கையால் பிடிக்கிற பாட்டி நம் மூன்று பிளாக்கிலும் இல்லை. தாத்தாவும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு பொருள் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம். 10 மீட்டர் என்பது நம் கட்டடத்தில் மூன்றாவது மாடி பால்கனி. நான் குடியிருக்கிற மாடி. பேத்தி தவழ ஆரம்பித்த வாரமே பால்கனிக்குக் கிரில் போட ஆள் கூப்பிட்டேன். கிரில் கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம் என்று வலையும் கட்டினேன். அதே பேத்தியைக் காரில் எந்தக் கிரிலும் இல்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மடியில் வைத்துக் கூட்டிப்போகச் சொன்னதும் நான்தான்.

சரி, குழந்தையைக் கார் சீட்டில் கட்ட வேண்டும் என்பது வரைக்கும் இப்போது பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஏன் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதில்தான் தகராறு.

பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் போகாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். எதிரெதிராக சீட் இருக்கும். டிரைவர் அழுத்தி பிரேக் பிடித்தால் ரயில் போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் முன்னால் சாய்ந்து எதிரில் இருப்பவர் மேல் விழப் பார்ப்பார். எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் தன் சீட்டின் முதுகில் அழுந்துவார், அவ்வளவுதான். தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து பலகையில் சாயும். கார் சீட்டிலும் இதேதான் நடக்கிறது.

குழந்தைக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அதன் தலை. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால் பங்கு தலைதான். ஒன்றிரண்டு வயதிலும் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். கழுத்து எலும்புகள் இன்னும் முழுசாக ஒன்று சேரவில்லை, நடுவில் குருத்தெலும்புதான். முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், மோதும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் கிடையாது. அந்தக் கனமான தலை முன்னால் பாயும்போது முழு இழுப்பும் அந்தப் பிஞ்சுக் கழுத்தில். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அந்த விசை முதுகு முழுக்கப் பரவி சீட்டுக்குள் போய்விடுகிறது.

இது நேற்று வந்த நாகரிகம் இல்லை. ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1960-களில் யோசித்தது. அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் விசை முதுகில் இறங்கும்படி சாய்ந்து படுத்திருப்பதைப் பார்த்து, குழந்தைக்கும் அதுதான் சரி என்று அவருக்குத் தோன்றியது. 1964-லேயே வோல்வோ காரில் மாதிரி சீட்டை வைத்துச் சோதனை செய்தார்கள். அந்த நாட்டில் இன்றைக்கும் நாலு வயது வரை பின்பக்கம் பார்த்தே குழந்தைகள் போகின்றன. நான் பி.காம். சேருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால் வந்த யோசனையை, அமெரிக்கா போய் வந்தவர்கள் கொண்டுவந்த ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில், "பின்பக்கம் பார்த்த சீட் ஐந்து மடங்கு பாதுகாப்பு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அந்த எண் 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. பிறகு வேறு ஆட்கள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது டேலி ஆகவில்லை. கடைசியில் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் ஐந்து மடங்கு என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள். ஆனால் இதையெல்லாம் பார்த்த பிறகும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தன் பேச்சிலிருந்து பின்வாங்கவில்லை. 2011-ல் இரண்டு வயது வரை என்று சொன்னவர்கள், 2018-ல் வயதையே எடுத்துவிட்டு, அந்த சீட்டுக்குக் கம்பெனி குறித்திருக்கும் எடையும் உயரமும் எட்டுகிற வரை, முடிந்தவரை நாள் தள்ளி, பின்பக்கம் பார்த்தே வையுங்கள் என்றார்கள்.

நம் ஊரில் எங்கே கோட்டை விடுகிறோம் என்று சொல்கிறேன். கார் சீட் வாங்கியவர்களே நிறையப் பேர் ஒன்பது, பத்து மாதத்தில் அதை முன்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். காரணம், பழைய விதிப்படி வந்த பல சீட்டுகளின் பெட்டியில் "9 கிலோ முதல் 18 கிலோ வரை முன்பக்கம்" என்று போட்டிருக்கும். குழந்தை 9 கிலோ வந்ததும், "ஆச்சு, திருப்பிடலாம்" என்று ஒரு சந்தோஷம். 9 கிலோ என்பது அதற்கு முன்னால் திருப்பவே கூடாது என்கிற வரம்பு. அந்த நாளில் திருப்பியே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2013-ல் வந்த புதிய ஐரோப்பிய விதியில் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று, 15 மாதம் முடியும் வரை பின்பக்கம்தான் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். அதுவும் குறைந்தபட்சம்தான். என்னிடம் கவுண்ட்டரில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஞாபகம் வருகிறது. டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைக்க உங்களுக்கு உரிமை உண்டு சார், ஆனால் அவசரம் இல்லையென்றால் ஏன் உடைக்கிறீர்கள்?

கால் மடங்கி இருக்கிறதே, வலிக்காதா என்று எல்லாப் பாட்டிகளும் கேட்கிறார்கள். என் அக்காவும் கேட்டாள். இப்போது என் பேத்திக்கு இரண்டரை வயது ஆகிறது. இன்னமும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறாள். சில நேரம் சம்மணம் போட்டுக்கொள்வாள், சில நேரம் காலைத் தூக்கி சீட் முதுகில் வைத்துக்கொள்வாள். நாம்தான் மூட்டு வலிக்காரர்கள், சம்மணம் போட்டால் வலிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படியே விபத்தில் காலில் அடிபட்டாலும் கட்டுப் போட்டால் கால் கூடிவிடும். கழுத்துத் தண்டுவடத்துக்குக் கட்டு கிடையாது.

பின்னாலிருந்து வேறு வண்டி வந்து இடித்தால் என்று நம் பொருளாளர் போன வாரம் லிஃப்டில் கேட்டார். நல்ல கேள்வி. பின்னால் வந்து இடிக்கிற வண்டி பெரும்பாலும் நாம் போகிற திசையிலேயே வருகிறது. அதனால் இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நம்மைத் தாக்கும். எதிரெதிரே மோதினாலோ, நின்றுகொண்டிருக்கும் லாரியில் நாம் போய் மோதினாலோ கழிப்பதற்கு ஒன்றுமே இல்லை. உயிரை வாங்குகிற மோதல்களில் அதிகம் முன்பக்க மோதல்தான். அதற்குத்தான் ஏற்பாடு.

அழுகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அழுவாள். எங்கள் பேத்தி முதல் இரண்டு மாதம் வேளச்சேரி போய் வருவதற்குள் எங்களைப் பாடாய்ப் படுத்தினாள். "பாவம், கொஞ்ச நேரம் எடுத்துக்கலாமே" என்று எல்லோருக்கும் தோன்றும். அந்தக் கொஞ்ச நேரம்தான் வினை. பால் குடிக்க வேண்டுமா, டயபர் மாற்ற வேண்டுமா, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள், முடிந்ததும் திரும்பக் கட்டுங்கள். நெடுந்தூரம் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நமக்கும் காபி ஆச்சு. ஒருமுறைகூட விட்டுக்கொடுக்காத வீட்டில் குழந்தை சீக்கிரம் பழகிவிடுகிறது. ஒருமுறை அழுது ஜெயித்துவிட்டால் அடுத்த முறை இரண்டு மடங்கு அழுகை. குழந்தையோடு பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தால் முகம் தெரியவில்லை என்ற குறையும் தீர்ந்தது. அவரும் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் பின் சீட்டில் யாரும் போடுவதில்லை.

வெயில் நம் ஊருக்கே உரிய பிரச்சினை. திறந்த இடத்தில் நிறுத்திய காரில் அந்த பெல்ட் பக்கிள் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு சீட்டை மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதலில் பக்கிளைக் கையால் தொட்டுப் பாருங்கள். காரை ஐந்து நிமிடம் குளிர வைத்துவிட்டுக் குழந்தையை ஏற்றுங்கள். கடைக்குள் போய் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதில் சமரசமே கிடையாது. பின்பக்கம் பார்த்த சீட்டை டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் வைக்கவே கூடாது. 2022-லிருந்து வருகிற எல்லாப் புதிய கார்களிலும் அந்த இடத்துக்கும் ஏர்பேக் உண்டு. ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்தில் வெடித்து விரியும். அது நேராக குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கிற சீட் முதுகில்தான் அறையும். உங்கள் காரில் சன் வைசரைக் கீழே இறக்கிப் பாருங்கள், படம் போட்டு எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். நான் ஆறு வருடம் அந்தக் காரை ஓட்டியும் அந்தப் படத்தைக் கவனித்ததில்லை.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் போனால் ஓட்டுகிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. யாரையாவது இதற்காகப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் புதிதாகக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே மோதல் சோதனை நடத்தி ஸ்டார் கொடுக்கிறார்கள். குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக 49 மதிப்பெண். ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் பொம்மைகளை வைத்து மோதுகிறார்கள். ஷோரூமில், "குழந்தைக்கும் 5 ஸ்டார் சார்" என்பார்கள். அந்த ஸ்டார் கார் சீட்டில் முறையாகக் கட்டி வைத்த பொம்மைக்குக் கிடைத்தது. மடியில் உட்கார்ந்த பொம்மைக்கு இல்லை.

இப்போது நம் குடியிருப்புக்கு மட்டும் சில வார்த்தைகள். நம் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது, "பேபி கார் சீட், நல்ல கண்டிஷன், ஃப்ரீ" என்று ஒரு படம் வருகிறது. நல்ல மனசு. ஆனால் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த சீட் இருந்த கார் எப்போதாவது மோதியிருக்கிறதா? சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் தேதி என்ன? ஒருமுறை பலமாக மோதிய சீட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது, விரிசல் வெளியே தெரியாது. பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு, காலாவதி தேதி போட்டே விற்கிறார்கள். புதிதாக வாங்கினால் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்து போட்ட ஆரஞ்சு நிற ஸ்டிக்கரோ, இந்தியத் தரமான ஏஐஎஸ் 072 குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், துணியும் நாலு பெல்ட்டும் வைத்துத் தைத்துக் குறைந்த விலைக்கு ஆன்லைனில் விற்கிறார்கள். அது கார் சீட்டே இல்லை. நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொள்கிற பையும் நடப்பதற்குத்தான், காருக்கு இல்லை.

செலவு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கூப்பிட்டதும் வருகிற டாக்சியில் சீட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் எல்லோருக்கும் நடக்காது. கார் இல்லாதவர்கள், ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துப் போகிறவர்கள், அவர்கள் கதையே வேறு, அதை இன்னொரு நாள் பேசலாம். எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்துக் கார் வாங்கி, அலாய் வீலும் சீட் கவரும் போடுகிற நம்மைப் போன்றவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

சீட் வாங்கியவர்கள் பலர் அதைச் சரியாக மாட்டுவதில்லை. நானே மூன்று முறை தப்பாக மாட்டினேன். பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பின்பக்கம் பார்த்த சீட்டில் தோள் பட்டை குழந்தையின் தோளுக்கு நேராகவோ கொஞ்சம் கீழிருந்தோ வர வேண்டும். தோளருகே பட்டையை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு கையில் வரக் கூடாது. ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிற கார் என்றால் வேலை சுலபம், கிளிக் என்று பச்சை காட்டும். இல்லாத காரில் சாதா பெல்ட்டிலும் மாட்டலாம், ஆனால் மேனுவலை விரித்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அதற்காக ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பி பிளாக் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நானும் என் மகனும் இருப்போம். உங்கள் சீட்டையும் அதன் மேனுவலையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்த்து மாட்டலாம். குழந்தையையும் தூக்கி வாருங்கள், பட்டை அளவு பார்க்க வேண்டும். தாத்தா பாட்டி வந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு என் மனைவியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.